அவன் அப்படிச் செய்யமாட்டான்

கச்சிராயபாளையத்தைத் தாண்டி பஸ் மலையேறத் தொடங்கியதும் போனில் சிக்னல் போய்விடும். அன்று அது போவதற்குச் சற்று முன்னால்தான் அந்த அறிவிப்பு வந்தது. கதைகள் போடும் ஒரு செயலியில் நான் எழுதிக்கொண்டிருந்த தொடர்கதையின் பதினான்காம் அத்தியாயத்துக்கு யாரோ கருத்து எழுதியிருந்தார்கள். முதல் வரி மட்டும் தெரிந்தது. 'இது அவன் இல்லை.' அதற்குக் கீழே 'மேலும் படிக்க' என்று இருந்தது. விரலால் தொட்டேன். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பஸ் முதல் வளைவில் திரும்பியது, சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாக அணைந்தன.

வெள்ளிமலை போய்ச் சேர இன்னும் ஒரு மணி நேரம் ஆகும். அந்த ஒரு மணி நேரமும் அந்த மூன்று வார்த்தைகளோடு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்த அம்மாள் மடியில் கோழியை வைத்துக்கொண்டு தூங்கிவிட்டார். எனக்கு மட்டும் ஒவ்வொரு வளைவும் நீண்டுகொண்டே போனது.

என் வேலை மலைமேல் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து கொடுப்பது. வீடு வடக்கனந்தல் பக்கம். கணவர் கரும்பும் மரவள்ளியும் போடுகிறார். முப்பத்து மூன்று வயதில், கல்யாணம் ஆன ஒரு பெண், முகமூடி போட்ட ஒரு காமிக்ஸ் வீரனைப் பற்றிக் கதை எழுதுகிறாள் என்று தெரிந்தால் வீட்டில் சிரிப்பார்கள். அதனால் யாரிடமும் சொல்லவில்லை. வேறு பெயரில் எழுதினேன். எழுதுவதெல்லாம் பஸ்ஸில்தான், போகும்போது பாதி, வரும்போது பாதி.

அவன் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அதிகம் பேருக்குத் தெரியாத ஒரு பழைய வெளிநாட்டுத் தொடர், தமிழில் மலிவான தாளில் வந்தது. பள்ளியில் படிக்கும்போது கள்ளக்குறிச்சி பஸ் நிலையம் பக்கத்துப் பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கினேன். அவன் பகலில் பெரிய நகரம் ஒன்றில் லிப்ட் பழுதுபார்ப்பவன். எவ்வளவு பாரமானாலும் கையால் தாங்குவான். பறக்கத் தெரியாது. எங்கே விபத்து நடந்தாலும் போய் நின்றதும் அவன் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை பேர்?" என்பதுதான். ஒருமுறை கட்டடம் ஒன்று இடிந்தபோது தாமதமாக வந்து, கூட வேலை பார்த்தவனை இழந்துவிடுகிறான். அதற்குப் பிறகு வந்த எந்தக் கதையிலும் அவன் யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை.

என் கதை அங்கிருந்துதான் தொடங்கியது. செத்துப்போனவன் எங்கள் மலைக்காரன் என்று வைத்துக்கொண்டேன். அவனுடைய கருவிப் பையை அவன் அம்மாவிடம் கொடுப்பதற்காக நம் ஆள் கல்வராயன் மலைக்கு வருகிறான். எழுதத் தொடங்கும் முன்பே ஒரு நோட்டுப் போட்டேன். அவன் எதைச் செய்வான், எதைச் செய்யமாட்டான் என்று என்னிடம் இருந்த முப்பத்தொரு புத்தகங்களையும் பார்த்துக் குறித்து வைத்தேன். 'பயப்படாதே' என்று சொல்லமாட்டான், 'நான் இங்கேதான் இருக்கேன்' என்பான். கதவுக்கு முதுகைக் காட்டி இருக்கமாட்டான். திருப்பி அடிக்க முடியாதவன் மேல் கை வைக்கமாட்டான். இன்னொருவர் உண்டாக்கிய ஆளை இரவல் வாங்கியிருக்கிறோம், கெடுக்காமல் திருப்பித் தரவேண்டுமே என்ற பயம் எனக்கு எப்போதும் உண்டு.

இதைச் சரியாகக் கவனித்துப் படிப்பவர் ஒரே ஒருவர்தான். ஆணா பெண்ணா தெரியாது. படத்துக்குப் பதிலாக மடக்கிய குடை ஒன்றை வைத்திருப்பார். நான் மனதுக்குள் குடைக்காரர் என்றே சொல்வேன். 'ஆறாம் அத்தியாயத்தில் இடது கையால் கயிறு பிடிக்கிறான், அவன் இடது தோள் அப்போது ஆறவில்லையே' என்று எழுதுவார். போய்ப் பார்த்தால் அவர் சொன்னது சரியாக இருக்கும். மற்றவர்கள் இதயம் போட்டுவிட்டுப் போவார்கள். அவர் ஒருவர் 'இது அவன்தான்' என்று எழுதினால் அன்றைக்கு எனக்குச் சோறு நன்றாக இறங்கும்.

வெள்ளிமலையில் இறங்கியதும் பஸ் பக்கத்திலேயே நின்று மீதியைப் படித்தேன்.

'இது அவன் இல்லை. பாலம் இடிந்த கதையில் ஓடிப்போன லாரிக்காரனை அவன் தேடிப் போகிறான். அடிக்கவா போனான்? வண்டியில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று கேட்கத்தான் போனான். உங்கள் கதையில் டிரைவரை மலை விளிம்பில் தொங்கவிட்டது வேறு யாரோ. யார் என்று எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரிந்திருக்கும்.'

காது இரண்டும் சுட்டன. ஏனென்றால் எனக்குத் தெரிந்திருந்தது.

அதற்கு ஒன்றரை மாதம் முன்பு மருந்து இருப்பு சரிபார்க்கும் வேலை இழுத்துக்கொண்டு போய்க் கடைசி பஸ்ஸை விட்டுவிட்டேன். ஆள் ஏற்றிப்போகும் ஜீப் ஒன்று கிடைத்தது. பொழுது சாய்கிற நேரம், தூறல் வேறு. பாதி மலை இறங்கியிருப்போம், ஒரு வளைவில் ஜீப் நிற்காமல் வழுக்கியது. பின் சக்கரம் ஒன்று சாலையை விட்டு இறங்கிவிட்டது. ஒரு மரத்தில் முட்டி நின்றது. நின்ற அந்த நொடியில் டிரைவர் கதவைத் திறந்து குதித்து, திரும்பிப் பார்க்காமல் ஓடினான்.

நாங்கள் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு ஏறி வந்தோம். சாலையில் நின்று இருட்டுக்குள் எண்ணிப் பார்த்தோம். எட்டுப் பேர். எல்லாரும் இருந்தோம். ஒரு அம்மாளுக்கு மணிக்கட்டு பிசகியிருந்தது. எனக்குத் தோளில் நல்ல அடி. காய்கறி ஏற்றி வந்த வேன் ஒன்று எங்களைக் கீழே கொண்டுவந்து விட்டது.

வீட்டில், வேலை செய்யும் இடத்தில் படியில் வழுக்கி விழுந்துவிட்டேன் என்று சொன்னேன். உண்மையைச் சொன்னால் மலை வேலையை விடச் சொல்வார்கள். அந்த வேலை எனக்கு வேண்டும். ஆனால் அன்றிலிருந்து பஸ் வளைவில் திரும்பும்போதெல்லாம் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொள்வேன். உள்ளங்கை வேர்க்கும். ஓடிய அந்த முதுகு கண்ணுக்குள்ளேயே இருந்தது. ஒருநாள் வரும்போதும் போகும்போதுமாக, நோட்டைத் திறக்காமலேயே பதினான்காம் அத்தியாயத்தை எழுதி முடித்தேன். என் வீரன் ஓடிப்போன ஜீப் டிரைவரைப் பிடித்து, சட்டையைக் கொத்தாகப் பற்றித் தூக்கி, பள்ளத்துக்கு மேலே தொங்கவிட்டுக் கெஞ்சவைக்கிறான். அதுவரை எழுதியதிலேயே அதைத்தான் அதிகம் பேர் படித்தார்கள். இதயங்கள் குவிந்தன.

குடைக்காரரின் கருத்துக்குக் கீழே மற்றவர்கள் சண்டைக்கு வந்துவிட்டார்கள். 'பிடிக்கலைன்னா படிக்காதே.' 'பெரிய அறிவாளி வந்துட்டார்.' போகப்போக அது இன்னும் மோசமானது. அவர் பதில் பேசவில்லை. நான் ஒரு வார்த்தை எழுதியிருந்தால் நிறுத்தியிருக்கலாம். எழுதவில்லை. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் மருந்துச் சீட்டை நீட்டிக்கொண்டு ஆட்கள் நின்றார்கள். ஒவ்வொரு மாத்திரை அட்டையையும் மூன்று முறை பார்த்துப் பார்த்துக் கொடுத்தேன். அன்று என்னை நானே நம்பவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பரணில் இருந்த பெட்டியை இறக்கி அந்தப் பாலம் கதையை எடுத்துப் படித்தேன். அவர் சொன்னபடியேதான் இருந்தது. லாரிக்காரன் பக்கத்தில் அவன் மண்டியிட்டு உட்கார்ந்திருக்கிறான். ஒரு பக்கம் முழுக்க அந்தப் படம்தான். அதை எத்தனை முறை பார்த்திருப்பேன்.

அடுத்த அத்தியாயம் ஞாயிற்றுக்கிழமை போடவேண்டும். ஒரு வரி வரவில்லை. அவனைப் பேசவைக்கப் பார்த்தால் என் குரல்தான் வந்தது. பத்து வரி எழுதி அழிப்பேன். திரும்பப் போய்க் கருத்துகளைப் பார்ப்பேன். குடைக்காரர் வந்தாரா, இனிப் படிக்கமாட்டேன் என்று போய்விட்டாரா. அடுப்பில் குழம்பு அடிபிடித்தது.

என் கணவர் இதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். சனிக்கிழமை சாப்பிட உட்கார்ந்தவர் தட்டைத் தொடாமல் கேட்டார்.

"இன்னா, ஒரு வாரமா போனையே பாத்துக்கினு இருக்க?"

"ஒண்ணும் இல்லீங்க."

"ஒண்ணும் இல்லாததுக்கா மூஞ்சி அப்பிடி ஆவுது? யாரு அது?"

அவர் குரலை உயர்த்தவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. அவர் மனம் எங்கே போகிறது என்று புரிந்துவிட்டது. போனைத் திறந்து அவரிடமே கொடுத்தேன்.

"கதை எழுதறேங்க. அதான்."

"கதையா?"

"படிச்சிப் பாருங்க. மொதல்லேர்ந்து படிக்கணும்."

அவர் போனை எடுத்துக்கொண்டு கரும்புக் கொல்லைக்குப் போய்விட்டார். மோட்டார் போட்டுத் தண்ணீர் கட்டுகிற நாள். மத்தியானம் முழுக்க வரவில்லை. அவர் செய்தித்தாளில் கரும்பு விலையைத் தவிர எதையும் முழுதாகப் படித்து நான் பார்த்ததில்லை. நான் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டிருந்தேன். கணவரின் அம்மாவான அத்தை, "இன்னா பொண்ணே, வூட்டையே சுத்திக்கினு இருக்க?" என்று கேட்டார். துணி காய்ந்ததா என்று பார்க்கிறேன் என்றேன்.

நான்கு மணிக்குக் காலில் சேற்றோடு வந்தார். போனை என் கையில் கொடுத்தார்.

"அந்த ஜீப்பு நெஜம்தானே?"

நான் போனைத் திண்ணையில் கவிழ்த்து வைத்தேன்.

"பதினாலாவதுல வருதே. தோளுல அடி, காய்கறி வண்டி. படியில வுழுந்தேன்னு எங்கிட்ட சொன்ன."

"ஆமாங்க."

"உசுரு போயிருந்தா? யாரோ ஒருத்தன் வந்து சொல்லித்தான் எனக்குத் தெரிஞ்சிருக்கணும் இல்ல?"

"வேலைய வுடச் சொல்லுவீங்கன்னு பயந்துட்டேன்."

அவர் குழாயடியில் கால் கழுவினார். ரொம்ப நேரம் கழுவினார். பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"யாரு அந்த டிரைவரு? எந்த ஊரு?"

"தெரியாது."

"தெரிஞ்சிக்கலாம். மலையில எத்தினி ஜீப்பு ஓடிடப் போவுது? நீ எழுதுனதுல ஒரு தப்பும் இல்ல. நானா இருந்தா தூக்கிப் புடிச்சிருக்க மாட்டேன், வுட்டே இருப்பேன்."

அதுவரை நான் பட்டதெல்லாம் ஒன்றுமே இல்லை என்று ஆகிவிட்டது. அவர் வாய்ச்சொல்லுக்குச் சொல்கிறவர் இல்லை. வாய்க்கால் தகராறு ஒன்றில் மண்வெட்டியோடு போய் நின்றவர். நான் பஸ்ஸில் உட்கார்ந்து எழுதி ஆற்றிக்கொண்டதை இந்த மனிதர் நிஜமாகவே செய்துவிடுவார். என்னுடைய பதினான்காம் அத்தியாயம் எழுந்து நடக்கப் போகிறது என்று தோன்றியது. அத்தைக்குக் கேட்காமல் மெதுவாகக் கெஞ்சினேன். எதையும் செய்யாதீங்க, போலீஸ், கேஸ் என்று ஆகிவிடும் என்றேன். அவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை அத்தியாயம் எதுவும் போடவில்லை.

செவ்வாய்க்கிழமை மருந்து ஜன்னலில் ஒரு கை சீட்டை நீட்டியது. முதுகு வலிக்குத் தைலமும் மாத்திரையும். எடுத்துக் கொடுக்கும்போது முகத்தைப் பார்த்தேன். அந்த ஜீப் டிரைவர்தான். தாடி வளர்ந்திருந்தது. அவனும் என்னைப் பார்த்தான். வாங்க நீட்டிய கையை அப்படியே வைத்திருந்தான்.

"மேடம், நீங்க அன்னிக்கு ஜீப்புல..."

"ஆமா."

எனக்குள் என்னவெல்லாமோ வந்தது. பள்ளத்துக்கு மேலே தொங்கவிட்ட எழுத்து முழுக்க வாய் வரைக்கும் வந்தது. அவனுக்குப் பின்னால் நான்கைந்து பேர் நின்றார்கள். "உனக்கு அடி பட்டுச்சா?" என்று கேட்டேன். எங்கிருந்து வந்தது அந்தக் கேள்வி என்று எனக்கே தெரியவில்லை. மருந்து கொடுக்கிற இடத்தில் உட்கார்ந்த பழக்கமாகவும் இருக்கலாம்.

அவன் தலையை ஆட்டினான். "அடியெல்லாம் இல்லீங்க. இது மூட்டை தூக்கறதுல வந்தது. ஜீப்பு ஓட்டறத வுட்டுட்டேன்." பிறகு ஜன்னல் கம்பியில் நெற்றி படுகிற மாதிரி குனிந்து மெதுவாகச் சொன்னான். "பிரேக்கு புடிக்கல மேடம். பயந்து ஓடிட்டேன். ரொம்ப தூரம் போவல. மேல சில்வர் ஓக் மரத்தாண்ட நின்னுக்கினு கேட்டுக்கினே இருந்தேன். நீங்கல்லாம் ஆள எண்ணினீங்களே, எட்டுன்னு சத்தம் கேட்டப்புறம்தான் எனக்கு மூச்சு வந்துச்சு. அப்பவும் எறங்கி வரத் தெகிரியம் இல்ல. வேன் போனப்புறமும் அங்கயே உக்காந்துக்கினு இருந்தேன்."

பின்னால் இருந்தவர் செருமினார். அவன் மருந்தை வாங்கிக்கொண்டு போய்விட்டான். மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் மன்னித்துவிட்டதாகச் சொல்லவில்லை. இப்போது யோசித்தாலும் முழுதாக மன்னித்தேனா என்று சொல்லத் தெரியவில்லை.

அன்று இறங்கும் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு யோசித்துக்கொண்டே வந்தேன். எட்டு என்று எண்ணினோம். வண்டியில் இருந்தது ஒன்பது பேர். ஒன்பதாவது ஆளை எண்ணவேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருக்கவும் முடியாது, நாங்கள் அப்படி நடுங்கிக்கொண்டிருந்தோம். ஆனால் என் வீரன் அங்கே இருந்திருந்தால் எண்ணியிருப்பான். முப்பத்தொரு புத்தகத்திலும் அவன் அதைத்தான் செய்கிறான்.

மறுநாள் எழுத உட்கார்ந்ததும் வந்துவிட்டது. ஜீப் மரத்தில் முட்டி நிற்கிறது. அவன் வருகிறான். "எத்தனை பேர்?" எட்டு என்கிறார்கள். அவன் ஒருமுறை எண்ணிப் பார்க்கிறான். "வண்டியை ஓட்டியவர் எங்கே?" ஓடிவிட்டான், விடு, அந்த நாயைத் தேடாதே என்கிறார்கள். அவர்கள் கோபத்தை அவன் மறுத்துப் பேசவில்லை. அந்த அம்மாளின் மணிக்கட்டில் துணி சுற்றிவிட்டு, பிறகு மேட்டில் ஏறி மரங்களுக்குள் போகிறான். டிரைவரைக் கண்டுபிடித்து, இரண்டடி தள்ளி உட்காருகிறான். "நான் இங்கேதான் இருக்கேன்," என்கிறான். டிரைவர் எழுந்து கீழே வர ரொம்ப நேரம் ஆகிறது. கீழே வந்தவனை எட்டுப் பேரும் திட்டுகிறார்கள். நம் ஆள் தடுக்கவில்லை. அவ்வளவுதான் அத்தியாயம்.

பழைய பதினான்கை எடுத்துவிட்டு இதைப் போட்டேன். பொத்தானை அழுத்திய பிறகுதான் உறைத்தது, பழையதோடு அதன் கீழிருந்த கருத்துகளும் போய்விட்டன. குடைக்காரர் எழுதியதும் போய்விட்டது. நான் அதற்குப் பதில்கூட எழுதியிருக்கவில்லை. அதை நினைத்தால் இன்றும் சங்கடமாக இருக்கிறது. புதிய அத்தியாயத்தின் கீழே ஒரு குறிப்பு எழுதினேன். 'முன்பு எழுதியது தவறு. சுட்டிக்காட்டியவரை இங்கே ஏசியபோது நான் சும்மா இருந்ததும் தவறு.'

பலருக்குப் பிடிக்கவில்லை. 'வீரனைக் கோழையாக்கிவிட்டீர்கள்' என்று ஒருவர். 'போர்' என்று ஒருவர். படிப்பவர்கள் பாதியாகக் குறைந்தார்கள். நான் காத்திருந்தது குடையின் படத்துக்காக. ஒரு வாரம் வரவில்லை. இரண்டாவது வாரமும் வரவில்லை. கச்சிராயபாளையம் வருமுன் ஒருமுறை, வெள்ளிமலையில் இறங்கியதும் ஒருமுறை, போனைப் பார்ப்பேன். மூன்றாவது வாரம் வெறும் ஒரு வரி வந்திருந்தது. 'அந்த அம்மாவின் மணிக்கட்டு எலும்பு முறிவா, சுளுக்கா? கட்டிய விதம் சுளுக்குக்குத்தான் பொருந்தும்.' பஸ் நிறுத்தத்தில் நின்று நான் சிரித்ததைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவர் என்னவோ ஏதோ என்று தள்ளி நின்றார்.

டிரைவரை ஜன்னலில் பார்த்ததைக் கணவரிடம் சொல்லலாமா வேண்டாமா என்று தவித்தேன். மறுபடியும் மறைக்க மனமில்லை. சொன்னேன். ஊரைக் கேட்டார். சீட்டில் இருந்தது, தெரியும், சொல்லமாட்டேன் என்றேன். அவர் முகம் கறுத்தது. அதற்கு மேல் கேட்கவில்லை. அடுத்த நாளிலிருந்து காலையில் கச்சிராயபாளையம் வரை வண்டியில் கொண்டுவந்து விடத் தொடங்கினார். பஸ்ஸில் ஏறி நான் உட்காரும் வரை நிற்பார். கடைசி பஸ்ஸை விட்டால் அங்கேயே நர்ஸ் அக்காவின் குவார்ட்டர்ஸில் தங்கவேண்டும், ஜீப் ஏறக்கூடாது என்பது எங்களுக்குள் பேச்சு. அத்தைக்கு இன்னும் எதுவும் தெரியாது.

புதிய அத்தியாயத்தைக் கணவர் படித்தாரா என்று நான் கேட்கவில்லை. பயம்தான். போன வாரம் அடுத்த பகுதி எழுதும்போது ஓரிடத்தில் மாட்டிக்கொண்டேன். கருவிப் பையோடு அவன் எங்கள் மலைப் பஸ்ஸில் ஏறவேண்டும். காமிக்ஸில் அவன் பஸ்ஸில் போனதாக ஒரு கதையும் இல்லை. காலையில் வண்டியின் பின்னால் உட்கார்ந்துகொண்டு சும்மா கேட்டுப் பார்த்தேன்.

"ஏங்க, அவன் பஸ்ஸுல ஏறுவானா?"

காற்றில் கேட்டிருக்காது என்று நினைத்தேன். கோமுகி அணை திருப்பத்தில் வண்டியை மெதுவாக்கினார்.

"ஏறுவான்," என்றார். "ஆனா உக்கார மாட்டான். யாருக்காச்சும் எடம் வுட்டுட்டு படிகிட்ட நின்னுக்குவான். எவனாச்சும் வுழுந்துடப் போறான்னு பாத்துக்கினே வருவான்."

நின்றுகொண்டு வருவது சரி. முன்படிக்கட்டுப் பக்கம் நின்றால், நோட்டில் எழுதியதற்கு மாறாகப் பின்கதவுக்கு முதுகைக் காட்டவேண்டி வருமே என்ற கவலை உடனே பிடித்துக்கொண்டது. எந்தப் பக்கமாகத் திரும்பி நிற்பான் என்று பஸ் வரும் வரை நாங்கள் இருவரும் பேசிக்கொண்டிருந்தோம்.